பிரித்துப் பார்த்த பெட்டி

சென்னைக் கடையின் டெமோ அறையில் விளக்கை அணைத்ததும் வேணுகோபால் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குப்பா இருட்டு?" என்பது.

தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். வேணுகோபால் விளக்கைப் போடச் சொன்னார். படத்துக்கு இருட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் வாங்க வந்தது சத்தம் கொடுக்கும் பெட்டி, சத்தத்துக்கு எதற்கு இருட்டு என்று கேட்டார். விற்பனையாளர் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. எரிந்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. விலை கூடிய பெட்டிக்கு மாற்றும்போதெல்லாம் விற்பனையாளரின் கட்டைவிரல் ரிமோட்டில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டியது. உரக்கக் கேட்பது நன்றாகக் கேட்பது போலத் தோன்றும். வேணுகோபால் எழுந்துபோய், "ரிமோட்ட இங்க குடு" என்று கையை நீட்டினார்.

இது நடந்தது 2006-இல். வேணுகோபால் தேடிக்கொண்டிருந்தது ஏ.வி. ரிசீவர். டி.வி.டி. பிளேயரிலிருந்து வருவதை வாங்கி, படத்தைத் திரைக்கும் சத்தத்தை அறையைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் கனமான கறுப்புப் பெட்டி. ஹோம் தியேட்டரில் திரையை எல்லோரும் பார்ப்பார்கள், ஸ்பீக்கரை எல்லோரும் புகழ்வார்கள். வேலை செய்வது மூலையில் கிடக்கும் இந்தப் பெட்டிதான். தரமானதாக ஒன்று வேண்டுமென்று அவர் ஒரு வருடத்துக்கும் மேலாக அலைந்துகொண்டிருந்தார். சென்னையில் அவர் ஏறாத கடை இல்லை. அவர் இரண்டாவது முறை ஏறியபோது சந்தோஷப்பட்ட கடையும் இல்லை.

காஞ்சிபுரத்தில் அவரை லென்ஸ் வேணுகோபால் என்றால்தான் தெரியும். பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருக்கு ஒரே வேலை. நெசவாளர் கொண்டுவரும் சேலையைப் பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் சொல்வது. ஜன்னலுக்கு எதிரே கட்டிய மூங்கிலின் மேல் சேலையைப் போட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி கை கையாக இழுப்பார். முதலில் பின்புறம், அப்புறம்தான் முன்புறம். உடலும் கரையும் சேரும் கோர்வையில் சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸ் வெளியே வரும். தேறிய சேலையின் உள்மூலையில் நீலப் பென்சிலால் "வே" என்று ஒரு எழுத்து போடுவார். அந்த எழுத்து விழுந்த சேலையைக் காந்தி ரோடு பட்டுக்கடைக்காரர்கள் மறுபடி பிரிப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் லென்ஸ் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கும் வெளியே வரும், கண்டக்டர் கொடுக்கும் நோட்டுக்கும் வெளியே வரும்.

ஹோம் தியேட்டர் ஆசை அவருடையது அல்ல. அவர் மனைவி கமலாட்சி படப் பைத்தியம். ஊரில் எந்தத் தியேட்டரில் புதுப்படம் வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுவார். முழங்கால் தேய்ந்த பிறகு பால்கனிப் படி ஏற முடியவில்லை. கீழே உட்கார்ந்தால் கழுத்து வலிக்கிறது என்று போவதையே நிறுத்திவிட்டார். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தை விட்டு, ஊர் ஓரத்துச் செவிலிமேட்டில் வீடு கட்டியபோது, கீழ்த்தளத்தில் ஜன்னல் குறைந்த அறை ஒன்றை ஒதுக்கி, இனி தியேட்டர் உன்னிடம் வரும் என்று வேணுகோபால் வாக்குக் கொடுத்தார். சுவருக்குள் ஒயர் போனது. ஸ்பீக்கர்கள் வந்தன. சோபா வந்தது. ரிசீவர் மட்டும் வரவில்லை. மழைக்காலத்தில் கமலாட்சி அந்த அறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்.

"படம் பாக்கறதுக்குப் பொட்டி வாங்கறீங்களா, பொட்டியவே பாத்துக்கினு இருக்கறதுக்கு வாங்கறீங்களா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். வேணுகோபால் அப்போது சாப்பாட்டு மேசையில் ஒரு கேட்டலாக்கின் மேல் லென்ஸை வைத்துக் குனிந்திருந்தார். பெட்டியின் பின்பக்கப் படம் அச்சில் மங்கலாக இருந்ததால், எதையோ மறைக்கிறான் என்று சொன்னார்.

அவர் கண்டுபிடித்த மோசங்களுக்குக் கணக்கில்லை. உள்ளூர்க் கடை ஒன்றில் சின்ன மியூசிக் செட்டின் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட் என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ., அதாவது கண நேர உச்சக் கணக்கு, என்று இருந்தது. இவ்வளவு வாட் உண்மையென்றால் வீட்டு ஃபியூஸ் போக வேண்டாமா என்று கேட்டார். கடைக்காரர் இது வேற வாட் என்றார். வாட்டில் வேற வாட் எது என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தார். சென்னையில் ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, கனமாக இருந்தால் உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம் என்றார்.

"தண்ணி தெளிச்சா பட்டும்தான் கனக்கும்" என்றார் வேணுகோபால்.

கடைசியில் ஒரு ஜப்பான் மாடல் அவர் மனதில் நின்றது. காரணம் அதனுடன் வரும் சின்ன மைக். அறை நடுவே அதை வைத்துவிட்டால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உஸ்ஸென்று ஒரு சத்தம் விட்டு, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது அடங்கிப் பேசுகிறது, எதில் ஒயர் மாறியிருக்கிறது என்று தானே அளந்து சொல்லும். பொருத்த வந்தவன் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. சந்தேகப்படும் பெட்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கமலாட்சி இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

எந்தப் பெட்டி என்பது முடிந்தது. யாரிடம் என்பது பாக்கி. இங்கேதான் குமாரவேல் வருகிறார்.

குமாரவேல் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகன். தானும் தறியில் உட்கார்ந்தவர். பிறகு டி.வி. ரிப்பேர் கற்றுக்கொண்டு, கேபிள் இழுத்து, மூங்கில் மண்டபம் பக்கத்தில் ஒரு கடை போட்டார். மலிவான செட்டுகள் விற்றுக் கடையின் வாடகை போய்க்கொண்டிருந்தது. அவர் கண் பட்டுக்கடை முதலாளிகளின் பெரிய வீடுகள் மேல் இருந்தது. அவர்கள் எல்லாவற்றுக்கும் சென்னைக்குப் போனார்கள். காந்தி ரோட்டில் கடை வைத்திருக்கும் தணிகாசலத்தைப் பார்த்து குமாரவேல் நேராகவே கேட்டார், எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று. தணிகாசலம் சிரித்துவிட்டு, முதலில் லென்ஸ் உன்னிடம் வாங்கட்டும், அப்புறம் நாங்கள் எல்லோரும் வருகிறோம் என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அது ஊரில் பரவி, நிபந்தனையாகவே ஆகிவிட்டது. லென்ஸ் வாங்கினால் கடை நிற்கும். லென்ஸ் திருப்பினால் காஞ்சிபுரத்தில் குமாரவேலிடம் யாரும் பெரிய பெட்டி வாங்கப் போவதில்லை. குமாரவேலுக்கு இது தெரியும். வேணுகோபாலுக்கும் தெரியும்.

வேணுகோபாலுக்கு இன்னொன்றும் தெரியும். பல வருடங்களுக்கு முன் குமாரவேலின் அப்பா அர்ஜுனன் கொண்டுவந்த சேலை ஒன்றைக் கோர்வை பிசகியிருக்கிறது என்று அவர் திருப்பியிருந்தார். அர்ஜுனன் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனவர், அந்தச் சங்கத்தின் படியை மறுபடி மிதிக்கவில்லை. கடைசிவரை தனியாருக்கே நெய்தார். அப்பன் சேலையைத் திருப்பியவன் வீட்டுக்கு மகன் பெட்டி கொண்டுவருகிறான் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? செவிலிமேட்டுக்கு வந்து அந்த மாடலையே வரவழைத்துத் தருகிறேன், பொருத்தியும் தருகிறேன், கோளாறு வந்தால் கூப்பிட்ட நாளே வருகிறேன் என்று குமாரவேல் சொன்னபோது, வேணுகோபால் அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். இவ்வளவு பணிவு எதற்கு என்றுதான் தோன்றியது.

சம்மதிக்க வைத்தது கமலாட்சி. சென்னைக்காரன் பெட்டி கெட்டுப்போனால் பஸ் ஏறி வருவானா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு லென்ஸில் பதில் கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் குமாரவேல் ஆட்டோவில் பெட்டியோடு வந்தார். கூடத்தில் இறக்கி வைத்ததும் வேணுகோபால் லென்ஸை எடுத்து மேலே ஒட்டியிருந்த டேப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். சரியாக இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"கவுக்கக் கூடாது சார். அம்புக்குறி போட்டிருக்கான் பாருங்க, இந்தப் பக்கந்தான் மேல இருக்கணும்னு."

வேணுகோபால் அம்புக்குறியையும் லென்ஸில் பார்த்தார். அம்புக்குறி உண்மைதான். ஆனால் சொன்ன வேகம் பிடிக்கவில்லை. எப்போதும் பின்பக்கத்தை முதலில் பார்ப்பவருக்கு அடிப்பக்கம் பார்க்கக் கிடைக்காதது உறுத்திக்கொண்டே இருந்தது.

குமாரவேல் கத்தியால் டேப்பைக் கீறி மூடியைப் பிரித்தார். மேலே அட்டைத் தட்டில் ரிமோட், மைக், ஒயர்கள். தட்டை எடுத்தார். அடியில் ரிசீவருக்கு மேலாக, வெள்ளை நுரைத்தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. குமாரவேல் அதைத் தூக்கக் கை வைத்தார்.

"கைய எடு" என்றார் வேணுகோபால்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லென்ஸை மடக்கிப் பைக்குள் வைத்தார். அதற்கு வேலையே இல்லை. தாள் நீளவாக்கில் இரண்டாகி, மறுபடி இரண்டாகி, முந்தானை மேலே தெரிய மடிப்பது போல உள்முகமாகத் திரும்பி, ஓரங்கள் கட்டைவிரலால் நீவி விடப்பட்டிருந்தன. அப்படி மடித்தவற்றைத்தான் ஆயுள் முழுக்கப் பிரித்து வந்தார் அவர்.

"ஜப்பான்காரன் சேலை மடிக்க மாட்டான், குமாரு."

குமாரவேல் முதலில் பொய் சொன்னார். துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்றார். கஸ்டம்ஸில் பிள்ளையார்பாளையத்து ஆள் யார் இருக்கிறார்கள் என்று வேணுகோபால் கேட்டார். காபி கொண்டுவந்த கமலாட்சி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தம்ளர்களை மேசையிலேயே வைத்துவிட்டு நின்றார்.

வேணுகோபாலின் மனம் அதற்குள் எல்லாத் திசையிலும் ஓடிவிட்டது. வேறு யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த பெட்டியாக இருக்கலாம். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்திருக்கலாம். எதுவுமே செய்யாமல், என்றோ ஒருநாள் நின்றுபோகும்படி ஒரு கம்பியை மட்டும் தளர்த்தியிருக்கலாம். அதுதான் மோசம். அது ஆத்திரத்தில் செய்யும் வேலை.

"உங்கப்பா சேலைய நான் திருப்பினேன். அதுக்குத்தானே?" என்றார்.

"அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

குமாரவேல் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வாயில் தெருவழக்கம் தானாக வந்தது. "அந்தச் சேலைல கோர்வை பிசகித்தான் இருந்துச்சு மாமா. அப்பாவே சொல்லுவாரு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரிப் பொட்டிய நான் முன்ன பின்ன தொட்டதே இல்ல. ஏழு ஸ்பீக்கர் ஒண்ணா போட்டதே இல்ல. உங்க எதிர்ல நின்னுக்கினு புத்தகத்தப் பொரட்டினா நீங்க இன்னா நெனைப்பீங்க? அதான் வீட்டுக்கு எடுத்துக்கினு போயி, கடைல கிடந்த பழைய ஸ்பீக்கரெல்லாம் மாட்டி, பழகிப் பாத்தேன். புது டிசைன் தறில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி போட்டுப் பாக்கறதில்லையா?"

"பாப்பாங்க. மாதிரிய விப்பாங்களா?"

அடிப்பக்கமாகப் பிரித்துவிட்டு டேப் ஒட்டியதையும் குமாரவேலே சொல்லிவிட்டார். பிரித்த பெட்டியைச் சென்னை ஏஜென்ட் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதையும் சொன்னார்.

வேணுகோபால் உடனே நம்பிவிடவில்லை. நன்றாகப் பேசும் நெசவாளர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். காபித் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு எதையோ விசாரிப்பவர் போல ஒரு கேள்வி போட்டார். வீட்டில் மைக்கை வைத்துப் பார்த்தாயா?

பார்த்தேன் என்றார் குமாரவேல்.

"உடனே அளந்துச்சா?"

உடனே என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த மைக்குக்கு அமைதி வேண்டும் என்று கேட்டலாக்கில் போட்டிருந்ததை வேணுகோபால் பலமுறை படித்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் தறி அடித்துக்கொண்டே இருக்கும்.

"எங்க அளந்துச்சு?" என்றார் குமாரவேல். "சத்தம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தின்னு திரைல எழுதிக்காட்டிக்கினே இருந்துச்சு. எங்க வீட்டுத் தறிய நிறுத்தினேன். பக்கத்து வீட்டுத் தறிய யாரு நிறுத்தறது? ராத்திரில போட்டா பொட்டி விடற சத்தத்துக்குத் தெருவே எழுந்துக்கும். அமாவாசை வரைக்கும் காத்துக்கினு இருந்து, அன்னிக்குத்தான் முடிச்சேன். உங்களுக்குக் கொண்டார லேட்டானதும் அதனாலதான்."

அமாவாசை அன்று நெசவாளர் யாரும் தறியில் உட்காருவதில்லை. அவர்களுக்கு அதுதான் மாத விடுமுறை, பண்டிகை எல்லாம். அன்று ஒருநாள்தான் அந்தத் தெருக்கள் வாயை மூடியிருக்கும். பொய் சொல்பவனுக்கு இந்தப் பதில் தோன்றாது. வேணுகோபால் காபியை எடுத்துக் குடித்தார்.

கமலாட்சி முடிந்தது என்று நினைத்தார். குமாரவேலும் அப்படித்தான் நினைத்து அட்டைப் பெட்டியைத் தொட்டார்.

"நீ சொல்றது நெசம்" என்றார் வேணுகோபால். "ஆனா புதுசுன்னு சொல்லிக்கினு பிரிச்சதக் கொண்டாந்த. இத எடுத்துக்கினு போ. சீல் பிரிக்காத பொட்டியா கொண்டா, பாக்கலாம்."

ஆட்டோ திரும்பிப் போனதை டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் காந்தி ரோடு வரை போய்விட்டது, லென்ஸ் திருப்பிவிட்டார் என்று. மாலையில் குமாரவேல் கடைக்கு ஒருவர் வந்து, முன்பணம் கொடுத்திருந்த சின்ன செட்டைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு சாதம் போடும்போது, குமாரவேல் சொன்னது நிஜம் என்று தெரிந்தும் திருப்பிவிட்டீர்களே என்றார் கமலாட்சி. சேலையைப் பார்க்கிறவன் கொண்டுவந்த ஆளைப் பார்க்கக் கூடாது என்றார் வேணுகோபால். சங்கத்தில் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்த வாக்கியம் அது. கமலாட்சி ரசத்தை ஊற்றிவிட்டு, அர்ஜுனன் அண்ணன் அந்த வாக்கியத்தைக் கேட்கத் திரும்ப வரவே இல்லையே என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே இரண்டாவது பெட்டி வந்தது. ஏஜென்டிடம் கெஞ்சி, விற்றால் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் சீல் பிரிக்காமல் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சில் குமாரவேல் வாங்கி வந்திருந்தார். இந்த முறை அவரே பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அம்புக்குறியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வேணுகோபால் நேரமெடுத்துப் பார்த்தார். மேல் டேப், அடி டேப், மூலைகள், அட்டையின் நாலு பக்கமும். எங்கும் கை பட்ட தடம் இல்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குமாரவேல் கத்தியை நீட்டினார். வேணுகோபால் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுக்குள்ள இருக்கறத நீ பாத்தியா?"

"எப்படிப் பாக்கறது மாமா? சீலோட இருக்குதே."

"வேற யாராவது?"

"யாரும் பாத்திருக்க முடியாது."

வேணுகோபால் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கமலாட்சி சமையலறை வாசலில் வந்து நின்றார். கணவரின் அந்த நடை அவருக்குத் தெரியும். சேலை தேறியபோது அவர் அப்படி நடக்க மாட்டார்.

"அப்ப இது ஓடுமா ஓடாதான்னு யாருக்குமே தெரியாது" என்றார் வேணுகோபால்.

கம்பெனி இருக்கிறது, கேரண்டி இருக்கிறது என்று குமாரவேல் ஆரம்பித்தார். வேணுகோபால் கையைக் காட்டி நிறுத்தினார். சங்கத்தில் எவ்வளவு அழகாக மடித்துக் கொண்டுவந்தாலும் மடிப்போடு ஒரு சேலையைக்கூட அவர் தேற்றியதில்லை. மடிப்பு நன்றாக இருந்தால் இன்னும் கூர்ந்து பார்த்திருக்கிறார். இதை எங்கேயோ யாரோ மடித்து ஒட்டியிருக்கிறான். அவன் யார், எப்படிப்பட்டவன், அன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா, எதுவும் தெரியாது. அந்த முதல் பெட்டியையாவது பிரித்தவன் யார் என்று தெரியும். எதற்குப் பிரித்தான் என்று தெரியும். அவன் அப்பா யார் என்றுகூடத் தெரியும். ஏழு ஸ்பீக்கரும் ஓடியது, மைக் அளந்தது, அமாவாசை அன்று முடிந்தது.

"இதத் திருப்பிக் குடுத்துடு" என்றார். "அதக் கொண்டா."

குமாரவேலுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "எத மாமா?"

"நீ சேலை மாதிரி மடிச்சு வச்சியே, அத."

"ஒரு வருஷமா சீல் சீல்னு லென்ஸ் வச்சிக்கினு பாத்தது இதுக்குத்தானா?" என்றார் கமலாட்சி. வேணுகோபால் கேட்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பிற்பகலே பொருத்தும் வேலை நடந்தது. வேணுகோபால் நாற்காலியை அறை வாசலில் போட்டுக்கொண்டு பார்த்தார். குமாரவேல் புத்தகத்தைத் தொடவில்லை. ஒயர் முனைகளைச் சீவி, முறுக்கி, பின்பக்கம் கையை விட்டுத் தடவியே ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு சோபா நடுவில் மைக்கை வைத்தார். செவிலிமேட்டில் தறிச் சத்தம் இல்லை, ஆனால் டவுன் பஸ் உண்டு. இரண்டு முறை ஹாரன் விழுந்து, சத்தம் ஜாஸ்தி என்று ரிசீவர் எழுதிக் காட்டியது. மூன்றாவது முறை குமாரவேல் கதவைச் சாத்திவிட்டு, பஸ் திருப்பத்தைத் தாண்டும்வரை பொறுத்து, பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கர்கள் வரிசையாக உஸ்ஸென்றன. ஒயர் மாறவில்லை என்று பெட்டி சொன்னது. வேணுகோபால் ஒருமுறை போதாது என்றார். இரண்டாவது முறையும் அதையே சொன்னது.

கமலாட்சி வைத்திருந்த டி.வி.டி.யைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் வரை வேணுகோபாலின் முகம் எதையும் காட்டவில்லை. ஒரு காட்சியில் மழை பிடித்தது. முன்னால் திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, மழை முதுகுக்குப் பின்னால் ஓட்டின் மேல் விழுவது போல விழுந்தது.

"ஏங்க, மாடில துணி கிடக்குது" என்றார் கமலாட்சி.

வேணுகோபால் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் உள்ளே திரும்பி வந்தபோது குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கமலாட்சி அடக்கவில்லை.

வேணுகோபால் குமாரவேலின் கருவிப்பையைக் கிளறினார். ஒயர்களில் எண் போடும் வெள்ளை மார்க்கர் ஒன்று கிடைத்தது. ரிசீவருக்குப் பின்னால் குனிந்து, கறுப்புத் தகட்டின் கீழ்மூலையில் சின்னதாக எதையோ எழுதினார். பிறகு மார்க்கரை மூடி, பையில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

குமாரவேல் கிளம்பும்போது அந்தப் பக்கமாகக் குனிந்து பார்த்தார். "வே" என்று இருந்தது. நுரைத்தாளை எடுத்து, வழக்கம்போல மடித்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துத் தணிகாசலம் வந்தார். திருப்பிய பெட்டியையே லென்ஸ் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு நம்பாமல் வந்திருந்தார். சோபாவில் உட்கார வைத்து மழைக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். எப்படி இருக்கிறது என்று அவர் வேணுகோபாலைக் கேட்டார்.

"இடது பக்கம் பின்னாடி ஒரு சின்ன சந்தேகம் இருக்குது" என்றார் வேணுகோபால். "பாத்துக்கினுதான் இருக்கேன்."

தணிகாசலம் தலையசைத்தார். ஆனால் அவரும் பட்டுக்காரர்தான். சந்தேகம் என்று சொன்ன வாயை நம்பாமல் எழுந்துபோய், ரிசீவரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதே இடத்தில் தள்ளி வைத்தார். செருப்பு மாட்டும்போது, குமாரவேல் கடை எந்தப் பக்கம் என்று கமலாட்சியிடம் மெதுவாகக் கேட்டார்.

"மூங்கில் மண்டபத்தாண்ட" என்றார் கமலாட்சி. "முதல்லயே பிரிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. அலைச்சல் மிச்சம்."